மூன்றாவது கொக்கி

எனக்கும் இரண்டு பிள்ளைகள், தங்கைக்கும் இரண்டு. ஆனால் அவள் வீட்டில் மட்டும் பிள்ளைகள் அறை துடைத்து வைத்ததுபோல் இருக்கும். எனக்கு வயிறு எரியும்.

“எப்படிடீ?” என்றேன்.

“ஆளுக்கு ஒரு கொக்கிக்கா. அவ்வளவுதான்.”

சுவரில் மூன்று கொக்கிகள் இருந்தன. மூன்றாவதில் ஒரு சின்னத் துண்டு ஈரமாகத் தொங்கியது. யாருடையது என்று நான் கேட்கவில்லை. வீட்டுக்கு வந்ததும் மூன்று கொக்கி அடித்தேன். மூன்றாவது, அவளுடையதைவிட அழகானது. முயல் காது வைத்தது.

ஒரே வாரத்தில், என் பிள்ளைகள் கை வைக்காமலே, பொம்மையெல்லாம் கூடைக்குள் போயிருந்தது. முயல் காதுக் கொக்கியில் ஒரு சின்னத் துண்டு ஈரமாகத் தொங்கியது.

இன்று தங்கை போன் செய்தாள். அழுதிருந்தாள்.

“அக்கா, மூணாவது துண்டக் காணோம். அவ அங்க வந்திருக்காளா?”

“இங்க யாரும் வரலையே.”

என் பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் இருந்தார்கள். அறைக்கதவைச் சத்தமில்லாமல் வெளியே தாழ் போட்டேன். உள்ளேயிருந்து, என் இடுப்புயரத்தில், யாரோ மெல்லத் தட்டினார்கள்.