பூசையில் மாறிய பேட்ஜ்

எங்கள் எதிர்வீட்டு நர்ஸ் ஜெபசீலி வேலை பார்க்கும் ஆஸ்பத்திரி ரொம்ப முன்னேறியது. ஊழியர்மீது தகாத கை பட்டால், நெஞ்சில் குத்தியிருக்கும் பேட்ஜே கூப்பாடு போடும். பெரிய டாக்டர் புண்ணியத்தில் ஜெபசீலியின் பேட்ஜ் தினமும் கத்தியது. நிர்வாகம் சும்மா இருக்குமா? நோயாளிகள் தூக்கம் கெடுகிறதென்று அதன் சத்தத்தை அடைத்துவிட்டது.

ஆயுதபூசைக்கு எல்லா பேட்ஜையும் கழற்றித் தாம்பாளத்தில் வைத்துச் சந்தனம் அப்பினார்கள். பெயர் மறைந்துபோக, ஆளுக்கொன்றை எடுத்து மாட்டிக்கொண்டார்கள். ஜெபசீலிக்கு வாய்த்தது, அங்கேயே டாக்டராக இருக்கும் முதலாளி மகளுடையது.

மறுநாள் பெரிய டாக்டர் வழக்கம்போல் ஜெபசீலியின் இடுப்பில் கை வைத்தார். பேட்ஜ் முதலாளி மகளின் பெயரைச் சொல்லி அலறியது. அடேயப்பா! காவலாளி, மேனேஜர் எல்லாரும் விழுந்தடித்து ஓடிவந்தார்கள். டாக்டரின் காலரை முதலாளியே பிடித்துவிட்டார். அப்புறம்தான் நர்ஸின் முகத்தைப் பார்த்தார்கள்.

"அட, நம்ம ஜெபசீலியா!" மேனேஜருக்கு அப்போதுதான் மூச்சு வந்ததாம். "பேட்ஜ் மாறிப்போச்சும்மா. கழத்திக் குடு."

"தர மாட்டேன் சார். இது கத்துனாத்தான உங்களுக்குக் காது கேக்கு."