இறந்தவர் சீட்டு

பூசை முடிந்ததும் ருமேனிய ஆர்த்தடாக்ஸ் கோவிலின் வயதான பாதிரியார் ஜம்ஃபிராவைக் கூப்பிட்டார். பூசையில் பெயர் வாசித்து வேண்டிக்கொள்ள வாராவாரம் அவள் எழுதிக் கொடுக்கும் இறந்தவர் சீட்டு அவர் கையில் இருந்தது.

"உன் புருஷன் அவ்ரமுக்குக் கீழே யாரும்மா இந்த கிரிகோரே? புதுசா இருக்கே. எப்ப இறந்தான்?"

"இன்னும் சாகலை ஃபாதர்."

"உயிரோட இருக்கிறவனை இறந்தவங்க சீட்டுல எழுதலாமா? நானும் சத்தமா வாசிச்சுத் தொலைச்சுட்டேனே! அப்படி என்ன கோபம்?"

"கம்யூனிஸ்ட் காலத்து ரகசியப் போலீஸ் கோப்பு ஒண்ணை வியாழக்கிழமை புக்காரெஸ்ட்ல காட்டினாங்க. அவ்ரமைக் காட்டிக்கொடுத்தது இந்த ஆள்தான். அவர் சிறையிலேயே செத்தார். இவன் சௌக்கியமா இருக்கான்."

"அநியாயம்தான். ஆனா மன்னிக்கிறதுதானேம்மா நம்ம விசுவாசம்? பேரை உயிரோட இருக்கிறவங்க சீட்டுக்கு மாத்திடு."

"நான் பாவசங்கீர்த்தனத்துல உங்க காதுல மட்டும் சொன்னது வரிக்கு வரி அந்தக் கோப்புல இருந்துச்சு ஃபாதர்."

பாதிரியார் சீட்டை அவளிடமே திருப்பிக் கொடுக்கப் போனார். கோவில் வாசலிலிருந்து அவர் மனைவி குரல் கொடுத்தாள்.

"கிரிகோரே! சூப் ஆறுது, வாங்க!"

ஜம்ஃபிரா பென்சிலை நீட்டினாள்.

"மாத்திடலாம் ஃபாதர். நீங்களே எழுதுங்க. உங்க கையெழுத்து இப்ப எனக்கு நல்லாவே தெரியும்."