ரத்தினம் சாரின் ஒரே கேள்வி

பிளஸ்ஸியின் கறுப்பு கோட்டில் படிந்திருந்த சாலைத் தூசியை ஜெரோம் தன் கைக்குட்டையால் தட்டிவிட்டான். காம்ப் ரோட்டில், பேக்கரிக்கு மேலே முதல் மாடி. கதவில் ‘ரத்தினம் அசோசியேட்ஸ், வழக்கறிஞர்கள்’ என்று எழுதியிருந்தது.

“நாலு ஆபீஸ் ஏறி இறங்கியாச்சுண்ணா. ஒருத்தர் கல்யாணம் எப்பன்னு கேக்குறாரு, இன்னொருத்தர் கேஸ் புடிச்சிட்டு வருவியான்னு கேக்குறாரு. இதுவும் போச்சுன்னா கோட்டை மடிச்சு வெச்சிட்டு டியூஷன்தான் எடுக்கணும்.”

“இது கிடைக்கும்டி. நான் சொல்லி வெச்சிருக்கேன்ல?”

வரவேற்பில் இருந்த பெண் ஒரு படிவத்தை நீட்டினாள். பிளஸ்ஸி முன்பக்கத்தையும் பின்பக்கத்தையும் படித்து முடித்த பிறகுதான் பேனாவைத் திறந்தாள்.

“சிம் கார்டு வாங்கப் போனப்பவும் இப்படித்தான் மேடம். இவ படிச்சு முடிக்கிறதுக்குள்ள கடைக்காரன் ஷட்டரை இறக்கிட்டான்” என்றான் ஜெரோம். வரவேற்புப் பெண் சிரித்தாள். “நான் கீழ டீ குடிச்சிக்கினு இருக்கேன்” என்று இறங்கிப் போனான்.

அம்மாவுக்குப் பின்னால் அப்பாவும் போன பிறகு, செம்பாக்கம் வீட்டில் மிச்சமிருந்தது அவர்கள் இருவர்தான். அவள் சட்டம் படித்த ஐந்து வருடமும் காலையில் டிபன் பாக்ஸ் கட்டிக் கொடுத்தவன் அவன்.

உள்ளே ரத்தினம் அவளுடைய சான்றிதழ்களைத் திறந்தே பார்க்கவில்லை. மூக்குக் கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார்.

“சட்டம் எல்லாரும்தாம்மா படிக்கிறாங்க. நான் ஒரே ஒரு கேள்விதான் கேப்பேன். சரியா சொன்னா வேலை.”

“கேளுங்க சார்.”

“ஒரு சொத்து. ரெண்டு பேருக்குச் சம பாகம். நம்ம கட்சிக்காரருக்கு அது முழுசா வேணும். இன்னொருத்தர் விடுதலைப் பத்திரத்துல கையெழுத்துப் போட்டா, பாகத்தை விட்டுக் கொடுத்ததா ஆயிடும். ஆனா ரொம்ப ஜாக்கிரதையான ஆளு. நீட்டின இடத்துல எல்லாம் போடமாட்டாரு. எப்படி வாங்குவ?”

“ஏமாத்தி வாங்கினா செல்லாது சார். கோர்ட்டுக்குப் போனா ரத்தாயிடும்.”

“புக்ல இருக்கறதச் சொல்லாத. கோர்ட்டுக்குப் போனா எத்தனை வருஷம் இழுக்கும்னு உனக்கே தெரியும். கட்சிக்காரர் ஃபீஸ் கட்டிட்டு உக்காந்திருக்காரு. அவருக்கு என்ன பதில் சொல்லுவ?”

அவர் திறக்காத சான்றிதழ்களை அவள் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

“தெரியலன்னா பரவால்ல. கதவு திறந்துதான் இருக்கு.” அவர் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டார்.

மடித்து வைத்த கோட்டு ஒரு கணம் அவள் கண்முன் வந்து போனது.

“அவங்க ரெண்டு பேருக்கும் ஏதாவது சண்டை இருக்கா சார்?”

“ஒண்ணும் இல்ல. நம்ம ஆள் மேல ரொம்ப நம்பிக்கை.”

“அப்போ… வக்கீல் யாரும் குறுக்க போகக்கூடாது சார். கட்சிக்காரரே நேர்ல கேக்கணும். அதுவும் சாதாரண நாள்ல கேக்கக்கூடாது.”

“பின்ன?”

“அந்த ஆள் ரொம்ப நாளா எதுக்கோ ஏங்கிக்கிட்டு இருப்பாருல்ல? அது கிடைச்ச நிமிஷமே கேக்கணும். கேக் வெட்டுற கையில பேனாவைக் கொடுத்தா, யாரும் படிச்சுப் பாக்கமாட்டாங்க சார்.”

சொல்லி முடித்ததும் அவளுக்கு வாய் கசந்தது. அப்படி ஒரு பதில் தனக்குள் இருந்தது அவளுக்கே தெரியாது.

ரத்தினம் மேஜைமேல் இருந்த செல்போனைக் கையில் எடுத்தார். “வெளிய உக்காரும்மா. கூப்பிடுறேன்.”

வெளியே நாற்காலியின் நுனியில் உட்கார்ந்திருந்தாள். மங்கலான கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் அவர் போனில் பேசியபடி நடப்பது நிழலாகத் தெரிந்தது. தப்பாகச் சொல்லிவிட்டோமோ என்று நினைத்தாள். சரியாகச் சொல்லிவிட்டோமோ என்றும் பயந்தாள்.

கதவு திறந்தது.

“திங்கக்கிழமை வந்து சேந்துடு.”

“சார்?”

“வேலை உனக்குத்தான். வீட்ல போய் சந்தோஷமா இரு, போ.”

நன்றி சொன்னாளா என்றுகூட அவளுக்கு நினைவில்லை. படிகளை இரண்டிரண்டாகத் தாண்டி இறங்கினாள்.

பேக்கரி வாசலில் ஜெரோம் வண்டியோடு நின்றிருந்தான். சீட்டின்மேல் ஒரு கேக் பெட்டி திறந்திருந்தது. ‘வக்கீல் பிளஸ்ஸி’ என்று எழுதிய கிரீம் இன்னும் காயவில்லை.

“டேய் அண்ணா! நான் இன்னும் சொல்லவே இல்லையே?”

“அதான் உன் மூஞ்சியே சொல்லுதே. வெட்டு, வெட்டு!”

அவள் சிரித்துக்கொண்டே வெட்டினாள். முதல் துண்டை அவன் வாயில் திணித்தாள். டீ குடித்துக்கொண்டிருந்த இரண்டு பேர் கை தட்டினார்கள். அவன் பதிலுக்கு ஊட்டிவிட்டான், அவள் கண்ணைப் பார்க்காமல்.

பிறகு சட்டைக்குள்ளிருந்து மடித்த தாள்களை எடுத்துச் சீட்டின்மேல் விரித்தான். பேனாவின் மூடியைக் கழற்றி அவள் விரல்களுக்கு இடையில் வைத்தான்.

“என்னண்ணா இது?”

“அப்பா வீட்டுப் பேப்பர்தான். கையெல்லாம் கிரீம், நீ தொடாத. நான் புடிச்சிக்கிறேன், நீ கையெழுத்தை மட்டும் போடு.”