கடைசி வரியில் ஒரு பெயர்

இங்கிலாந்தின் பிளாக்பர்ன் நெசவாலையில் முந்நூறு தறிகள் இரைகின்றன. குரல் எடுபடாத அந்தக் கூடத்தில் பெண்கள் உதட்டை அசைத்தே பேசிக்கொள்கிறார்கள். பஞ்சுத்தூசி மிதக்கும் காலை வெயிலில், தறிச் சட்டத்தில் செருகியிருக்கும் செய்தித்தாளைப் பார்த்து டார்கஸ் ஒரு கவிதையை உதட்டாலேயே வாசிக்கிறாள். நூல் மாற்றும்போதெல்லாம், ஊடுநூலைச் சுமந்து ஓடும் தறிநாடாவின் துளையில் வாய்வைத்து நூலை உறிஞ்சி உறிஞ்சி, நெஞ்சில் பஞ்சடைத்துச் செத்துப்போன ஒரு நெசவுக்காரியைப் பற்றிய கவிதை அது.

"யாருடி எழுதினது?" எதிர்த்தறியிலிருந்து கெஸியாவின் உதடு கேட்கிறது.

"பேரு போடல. பொண்டாட்டிய பறிகொடுத்தவனாம்."

"அடேங்கப்பா! ஆம்பளைக்குக்கூட நம்ம இருமல் கேக்குதாக்கும்!"

அதை எழுதிய ஈனக், பக்கத்துத் தறிக்கு எண்ணெய் விட்டபடி டார்கஸின் உதட்டையே பார்த்து நிற்கிறான். கடைசி வரியில் அவன் மனைவி மெர்சியின் பெயர் இருக்கிறது. இந்தக் கூடத்தில்தான் அவள் தினமும் அவனைச் சத்தமில்லாமல் கூப்பிடுவாள். அவளைப் புதைத்த பிறகு இங்கே எந்த உதடும் அவள் பெயரைச் சொன்னதில்லை. ஒரே ஒரு தடவை, யார் உதட்டிலாவது அதைப் பார்த்துவிட்டால் போதும் அவனுக்கு. டார்கஸ் கடைசி வரிக்கு வந்துவிட்டாள். அந்நேரம் பார்த்து அவள் தறியில் நூல் தீர்ந்துபோகிறது. புது நூலைப் பொருத்தி, நாடாவைத் தூக்கி, அதன் துளையில் வாயை வைத்து உறிஞ்சுகிறாள்.