இரண்டு மோதிரங்களுக்கு அடியில்

விடிந்ததும் வில்மர் காபிக்குத் தண்ணீர் வைத்தான். மீந்திருந்த சோள ரொட்டியைச் சுடவைத்துத் தின்றான். மனைவி யெசேனியா வாங்கி வைத்திருந்த டப்பாவிலிருந்து ஓர் ஆஸ்பிரினை எடுத்து விழுங்கினான். இடது மோதிர விரலின் குடைச்சல் அடங்கியதும், பள்ளிக்கூடத்துக்கு லீவு சொல்லிவிட்டு மாமியார் எல்வியாவோடு ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினான்.

அந்த விரலில் இரண்டு மோதிரங்கள். ஒன்று அவனுடையது, மற்றது, தட்டானிடம் கொடுத்துப் பெரிதாக்கிய, இறந்துபோன மனைவியுடையது. அவர்கள் ஊரான மார்க்காலாவில் துணையை இழந்தவர்கள் அப்படித்தான் போட்டுக்கொள்வார்கள். வீக்கத்தில் இரண்டும் சதைக்குள் புதைந்திருந்தன.

"மனசு வலி, மகனே. விரல்ல வந்து உக்காந்திருக்கு," என்பாள் எல்வியா. ஊரும் அதையே சொன்னது. எக்ஸ்ரே எடுத்தவர்கள்கூட, பெண்டாட்டியைப் பறிகொடுத்தவனிடம் மோதிரத்தைக் கழற்றச் சொல்லக் கூசி, அப்படியே எடுத்து அனுப்பினார்கள்.

புதிதாக வந்திருந்த டாக்டர் சியோமாரா படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள்.

"ராத்திரியிலதான் அதிகமா வலிக்குதா?"

"ஆமா."

"ஆஸ்பிரின் போட்டா நிக்குதா?"

"நிக்குது."

"மனசு வலி ஆஸ்பிரினுக்கு நிக்காது வாத்தியாரே. எலும்புல சின்னக் கட்டி இருக்கும்னு நினைக்கிறேன். புத்துநோய் இல்ல, பயப்படாதீங்க. விரல்ல வர்றது அபூர்வம். சுரண்டி எடுத்துட்டா வலி போயிடும். ஆனா மோதிரம் மறைக்குது. அதை வெட்டினாத்தான் பாக்கவே முடியும்."

எல்வியா அவன் கையை வெடுக்கென்று இழுத்து நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள்.

"வெட்டுறதா? 'மோதிரத்தைக் கழட்டாதே'ன்னு சொல்லிட்டுத்தான் என் பொண்ணு கண்ண மூடினா! ஊருக்கே தெரியும். சொல்லேன்டா, அப்படித்தானே சொன்னா?"

துக்க வீட்டிலும் அவள் இப்படித்தான் கேட்டாள். அன்று வில்மர் தலையை ஆட்டியதோடு சரி. அப்புறம் ஊர் பேசியது எதுவும் அவன் கையில் இல்லை.

"உங்க விரல். நீங்கதான் சொல்லணும்," என்றாள் டாக்டர். "இப்படியே விட்டா ராத்திரித் தூக்கத்தை மறந்துட வேண்டியதுதான்."

வில்மர் கையை விடுவித்துக்கொள்ளப் பார்த்தான். கிழவியின் பிடி இறுகியது.

"அத்தை, அவ அப்படிச் சொல்லல."

"பின்னே? என் பொண்ணு என்னதான்டா சொன்னா?"

அவன் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னான்.

"'அந்த மோதிரத்தைக் கழட்டிட்டு, விரலை டாக்டர்கிட்ட காட்டித் தொலை.'"