அதிபர் கதிரை

"என்னண்ணை, இன்னும் கேள்விப்படேல்லையே? என்னை அதிபராய்ப் போட்டிட்டாங்கள்!"

கணக்கு வாத்தியார் தில்லைநாதன் ஆசிரியர் அறையில் வைத்து இதைச் சொன்னபோது, சரித்திர வாத்தியார் ஆழ்வாப்பிள்ளையின் வாயில் இருந்த தேநீர் உள்ளே போவதா வெளியே வருவதா என்று தெரியாமல் நடுவழியில் நின்றது.

"நல்லது, நல்லது. கடிதம் வந்திட்டுதோ?"

"ஓமண்ணை, நேற்றைக்குத்தான். அடுத்த தவணை தொடங்கப் பொறுப்பெடுக்கட்டாம்."

பள்ளிக்கூட அதிபர் பொன்னம்பலம் ஆவணியோடு ஓய்வுபெறுகிறார் என்பது ஊரறிந்த விஷயம். அந்தக் கதிரைக்காக ஆழ்வாப்பிள்ளை இருபத்தேழு வருடமாகக் காத்திருந்தார். தன் உடம்புக்கு அது அளவோ என்று, பொன்னம்பலம் இல்லாத நேரங்களில் இரண்டு தரம் ஏறி உட்கார்ந்தும் பார்த்தவர். இப்போது நேற்று வந்த பொடியன் ஒருவன் அதில் இருக்கப்போகிறான்! பொடியனுக்கு வயது நாற்பத்தொன்பது.

மேற்கொண்டு ஒரு வார்த்தை கேட்கவும் அவருக்கு மனம் வரவில்லை. சைக்கிளை மிதித்த வேகத்தில் செயின் இரண்டு தரம் கழன்றது.

வீட்டில் மனைவி மீனாம்பிகை தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள். "தில்லைநாதன் மாஸ்டரையோ? போடத்தானே வேணும். போனமுறை அவரின்ரை வகுப்பிலை ஒன்பது பேருக்குக் கணக்கிலை டிஸ்ரிங்ஷன். பேப்பரிலை படமும் வந்தது. உங்கடை சரித்திரத்திலை எத்தினை பேர் பாஸ்?"

"சரித்திரமெண்டால் ஆறுதலாய், மெல்லமெல்லத்தான் வருமப்பா."

"முப்பத்தொரு பிள்ளையளும் இன்னும் வந்துகொண்டிருக்குதுகள் போலை."

அன்று அவர் வயிறு எரிந்த எரிவுக்கு, மீனாம்பிகை அடுப்பு மூட்டாமலே புட்டு அவித்திருக்கலாம்.

சனிக்கிழமை காலை ஆழ்வாப்பிள்ளை தாளும் பேனையும் எடுத்தார். பெட்டிசம் என்ற மொட்டைக் கடிதம் எழுதுவதில் வலிகாமப் பகுதி முழுக்க அவருக்கு நிகர் அவர்தான். அவருடைய பெட்டிசத்தால் ஒரு கிராம விதானையார் மாற்றலாகிப் போனார். ஒரு தபால்கந்தோர் வந்த வழியே அடுத்த ஊருக்குப் போனது. ஒரு கலியாணம் மணவறை வரை வந்து திரும்பியது. எழுதியது யார் என்பது தனக்கு மட்டுமே தெரிந்த இரகசியம் என்று அவர் நம்பிக்கொண்டிருந்தார்.

எழுத்து பிடிபடாமலிருக்க இடக்கையால் எழுதினார். 'மேற்படி தில்லைநாதன் வகுப்பு நேரத்தில் குறட்டை விடுகிறார். மாணவர்களைக் கொண்டு தன் வெங்காயத் தோட்டத்துக்குத் தண்ணீர் இறைப்பிக்கிறார். அரசாங்க வெண்கட்டியில் வீட்டுச் சுவருக்கு வெள்ளையடித்தார். சேவையில் மூத்தவரும் சான்றோருமாகிய திரு. ஆழ்வாப்பிள்ளை இருக்க, இவரை அதிபராக்கியது எந்த நாட்டு நீதி? இப்படிக்கு, பொதுசன நன்மை விரும்பி.'

மூன்று பிரதி எடுத்தார். உள்ளூரில் போட்டால் தபால் முத்திரை காட்டிக்கொடுத்துவிடும்.

"இஞ்சாரும், நான் கீரிமலையிலை தோய்ஞ்சிட்டு வாறன்."

"போனகிழமையும் தோய்ஞ்சனீங்களெல்லோ?"

"இண்டைக்குக் கொஞ்சம் கூடத் தோயவேணும்."

கேணியில் மூன்று முழுக்கு. தபாற்பெட்டியில் மூன்று கடிதம். திரும்பும்போது எதிர்க்காற்றுக்கூட அவருக்கு இனித்தது.

ஆறு கிழமை கழித்து, அதே ஆசிரியர் அறையில் தில்லைநாதன் தலையைக் குனிந்துகொண்டு சொன்னார்: "என்ரை அதிபர் பதவி ரத்தாம், அண்ணை. ஆரோ பெட்டிசம் போட்டிட்டாங்கள்."

"ஐயோ தம்பி!" ஆழ்வாப்பிள்ளை நெஞ்சில் கை வைத்தார். உள்ளே நெஞ்சு மேளக்கச்சேரி வைத்தது. "உவங்கள் உருப்படுவாங்களே? எரிச்சல் பிடிச்ச சாதியள்!"

அந்த நேரம் பார்த்துப் பியோன் ஏரம்பு உள்ளே வந்தான். "ஆழ்வாப்பிள்ளை வாத்தியார், உங்களுக்குக் கல்விக் கந்தோராலை நீளக் கடிதம்."

ஆழ்வாப்பிள்ளை உடைத்தார். 'சேவை மூப்பைக் கருத்திற்கொண்டு, திரு. தில்லைநாதனுக்குப் பதிலாகத் தங்களை அதிபராக நியமித்துள்ளோம்.' மார்பு விரிந்த விரிவில் சட்டையின் மேல் பொத்தான் பறந்து ஏரம்புவின் காலடியில் விழுந்தது. குரலைச் செருமிக்கொண்டு, அறை முழுக்கக் கேட்க அடுத்த வரியை வாசித்தார்.

"பாடசாலை: ஆனைமோட்டைக்குளம்..."

கடிதத்தைக் கண்ணுக்குக் கிட்டப் பிடித்து மறுபடி பார்த்தார்.

"ஆனைமோட்டைக்குளமோ?" என்றான் ஏரம்பு. "வவுனியாவிலை இறங்கிப் பதினொரு மைல் மாட்டுவண்டி, வாத்தியார். என்ரை மச்சான் அங்கைதான். போனமாதம் ஆனை வந்து பள்ளிக்கூடக் கூரையைத் திண்டிட்டுப் போனதாம்."

"அப்ப... இஞ்சை? பொன்னம்பலத்தின்ரை கதிரை?"

"அதுக்கு ஆரோ பருத்தித்துறை ஆள் வாறாராம், அண்ணை." தில்லைநாதன் நிமிர்ந்து, அவருடைய இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். "கோவியாதேங்கோ. அந்தக் காட்டுக்குப் போகமாட்டன் எண்டு நானும் மூண்டு கடிதம் எழுதிப் பார்த்தனான், கந்தோரிலை ஒருத்தனும் திரும்பிப் பார்க்கேல்லை. 'ஆழ்வாப்பிள்ளை மாஸ்டரிட்டை ஒருக்காப் பெருமையாய்ப் புளுகிப்போட்டு வாங்கோ, மிச்சத்தை அவர் பார்த்துக்கொள்ளுவார்' எண்டு சொன்னது எங்கடை வீட்டுக்காரிதான்!"