தார் போடாத சாலை

“என்னை அழிச்சிடும்மா. அவர் மட்டும் இருந்தாப் போதும்.”

போட்டோக் கடைக்கு வந்த சுகாயா அம்மாள் இப்படிச் சொன்னதும் மிசுஹோவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. கணினித் திரையில் இருந்த படத்தில் அந்த அம்மாளும் அவர் கணவரும் நாகசாவா கணவாயில் தோளுரச நின்றிருந்தார்கள். பின்னால் தார்ச்சாலை, மின்கம்பம், குளிர்பான இயந்திரம். அவற்றையெல்லாம் நீக்கிவிட்டு, நூற்றைம்பது வருஷத்துக்கு முந்தைய மலைப்பாதையாக ஏஐயில் மாற்றித் தர வேண்டுமாம். அதுவும் சாயங்காலத்துக்குள்.

“ஜோடிப் படத்துல பாதியை அழிக்கச் சொல்றீங்களே, வீட்டுல சண்டையா?”

“நாற்பது வருஷம் இந்த வழியில பஸ் ஓட்டினவரு. தார் போடுறதுக்கு முந்தி இது எப்படி இருந்திருக்கும், அதுல ஒரு தடவையாவது நடக்கணும்னு ஓயாம சொல்வாரு. நடக்கட்டும்.”

அம்மாள் பேச்சை மாற்றுகிறார். சண்டையேதான் என்று மிசுஹோ முடிவுகட்டினாள். விட்டுவிட்டுப் போன கணவனை அவளும் ஒருநாள் வீம்புக்கு எல்லாப் படங்களிலிருந்தும் அழித்தாள். இப்போது அவற்றில் அவள் மட்டும் இல்லாத யாரோடோ சிரித்துக்கொண்டு நிற்கிறாள். பார்க்கவே சகிக்கவில்லை.

திரையில் தார் மறைந்தது. கல் பாவிய பாதையும் தேவதாரு மரங்களும் மூடுபனியும் வந்தன.

“பனி வேண்டாம், அவருக்கு வழி தெரியணும். முட்டி வலிக்காரர், ஏத்தத்தையும் குறைச்சிடு. நடுவுல ஒரு டீக்கடை போடு.”

“ஆளுங்க?”

“நிறையப் போடு. வாய் ஓயாத மனுஷன். தனியா நடக்கவே பிடிக்காது.”

சுமை தூக்கிகள் வந்தார்கள், யாத்திரிகர்கள் வந்தார்கள், குடை பிடித்த ஓர் இளம்பெண்ணும் வந்தாள்.

“இவ லட்சணமா இருக்கா. அவர் பக்கத்துல கொண்டு வா.”

“நல்லா இருக்கே! உங்களை அழிச்சிட்டு இன்னொருத்தியோட அனுப்பி வைக்கிறீங்களாக்கும்?”

அம்மாள் சிரிக்கவில்லை. “இவங்கல்லாம் நிஜமாவே எங்கேயாவது இருக்கிறவங்களா?”

“இல்லைம்மா. எல்லாம் ஏஐ இட்டுக்கட்டின முகம்.”

“அப்பாடா!”

மிசுஹோவுக்குப் பொறுக்கவில்லை. “கோவிச்சுக்காதீங்க. இன்னைக்குக் கோபத்துல அழிச்சிட்டு நாளைக்கு அழுவீங்க. நான் அழுதவ, அதனால சொல்றேன். நீங்களும் அவர் பக்கத்துலயே இருங்க.”

“எனக்கு மட்டும் ஆசை இல்லையா? என் மகதான் விடமாட்டேங்குறா. காலையில இருந்து கையைப் பிடிச்சுக்கிட்டுக் கெஞ்சுறா.”

சுகாயா அம்மாள் திரையில் கணவரின் முகத்தைத் தடவினார்.

“நாளைக்குப் பத்து மணிக்கு அவருக்குத் தகனம். சவப்பெட்டியில வைக்கிற படத்துல உயிரோட இருக்கிறவங்க இருந்தா, போறவர் அவங்களையும் கையோட கூட்டிட்டுப் போயிடுவாராம்.”